நாற்பது லிட்டர் கடல்

அதிகாலை 4 மணிக்கு என் கைப்பேசி அலாரம் அடிக்கும். 6 மணிக்கு வானொலி நிலையத்தில் ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்து வணக்கம் சொல்லவேண்டிய வேலை எனக்கு. முகம் கழுவுவதற்கு முன்பே வரவேற்பறை மூலைக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு சின்ன மீன்தொட்டி. கைப்பேசி வெளிச்சத்தில் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன்: தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, வெப்பமானி என்ன காட்டுகிறது, மேலே மாட்டிய காற்றாடி சுற்றுகிறதா. மூன்றும் சரியென்றால்தான் காப்பி.

தொட்டியின் நீளம் 45 சென்டிமீட்டர், அகலம் 30 சென்டிமீட்டர். பாறையும் மணலும் போக உள்ளே சுமார் 40 லிட்டர் உப்புத் தண்ணீர். எங்கள் வீவக வீட்டில் இதைவிடப் பெரியதுக்கு இடமில்லை. இரண்டு கோமாளி மீன்கள், ஓர் இறால், சில நத்தைகள், ஏழெட்டுப் பவளங்கள். பவளங்களுக்காகத்தான் தொட்டியே வாங்கினேன். மீன்கள் அப்பாவுக்காக. “அசையறது எதாவது இருக்கணும்மா, இல்லாட்டி நான் எதைப் பார்க்கறது?” என்று கேட்டார்.

உயர்நிலை 4இல் வேதியியலுக்கு விடைகொடுத்தவள் நான். பிறகு படித்தது ஊடகத் துறை. பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் கழித்து கால்சியம், கார்பனேட் என்று நோட்டில் எழுதி வைப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அந்த நோட்டு எங்கள் வீட்டுக்கு வந்த கதை இது. பவளத் தொட்டி வைக்க ஆசைப்படும் ஒருவராவது நான் செய்த தவற்றைச் செய்யாமல் இருந்தால் போதும்.

தீபாவளி வாரம்

தீபாவளிக்கு முந்திய மூன்று வாரங்கள் வானொலிக்காரர்களுக்கு வீடு தூங்குவதற்கு மட்டும்தான். தேக்காவில் நேரடி ஒலிபரப்பு, சிறப்பு நிகழ்ச்சிப் பதிவு, போட்டிகள், பரிசுகள். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கண்மதிப்பாக ஊற்றினேன். சில நாள் அதுவும் இல்லை. தண்ணீரைச் சோதிக்கும் பெட்டியை எடுக்கவே இல்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, விருந்தினர் வருவார்களே என்று கண்ணாடியைத் துடைத்தேன். அப்படியே தண்ணீரையும் சோதித்தேன். ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்கவேண்டிய உப்பு 38 காட்டியது. ‘கேஎச்’ என்று மீன்காரர்கள் சொல்லும் அளவு 6.2க்கு இறங்கியிருந்தது. நான் வைக்க நினைத்தது 9.

எல்லாவற்றையும் அன்று மாலையே சரிசெய்துவிடலாம் என்று தீர்மானித்தேன். ஏறக்குறைய மூன்றரை லிட்டர் உப்புத் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு நல்ல தண்ணீரை ஊற்றினேன். உப்பு 35க்கு வந்தது. ஒரு தேக்கரண்டி ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றினேன். மறுநாள் கேஎச் 9.8. நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், பரவாயில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

தீபாவளியன்று காலை நிகழ்ச்சி முடிந்து, கையில் முறுக்கு டப்பாவோடு நண்பகலில் வீடு திரும்பினேன். அப்பா புதுச் சட்டையில் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, இந்தச் செடி ஏன் தோல் உரியுது?”

அவர் காட்டியது பறவைக்கூட்டுப் பவளம். சுள்ளிகளைப் பின்னி வைத்ததுபோல் இருப்பதால் அந்தப் பெயர். கட்டைவிரல் அளவில் வாங்கி, பதினான்கு மாதத்தில் கைப்பிடி அளவுக்கு வளர்த்திருந்தேன். அடியிலிருந்து அதன் இளஞ்சிவப்புச் சதை நூல் நூலாகப் பிரிந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. உரிந்த இடமெல்லாம் வெள்ளை எலும்பு. விருந்தினர் வந்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், “அழகா இருக்கே, வெள்ளைக் கலர்ல” என்று ஒரு சிறுமி சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை.

கடல் அசையாதது

பவளம் செடியல்ல, விலங்கு. குட்டிக் குட்டி உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, கடல் நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தமக்கு அடியில் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அந்தப் பாசிகள் வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவுதான் பவளத்துக்குப் பெரும்பகுதிச் சாப்பாடு.

பெருங்கடல் நீரில் சராசரியாக உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. கேஎச் ஆறரையை ஒட்டி. லிட்டருக்குக் கால்சியம் சுமார் 410 மில்லிகிராம், மக்னீசியம் சுமார் 1,280 மில்லிகிராம். அலை அடித்தாலும் புயல் வந்தாலும் இந்த எண்கள் ஒரே நாளில் பெரிதாக மாறுவதில்லை. அவ்வளவு தண்ணீர். அந்த நிலைத்தன்மையில் பழகிய உயிர் பவளம்.

சிறு மாற்றம்கூட அதற்கு எவ்வளவு பெரியது என்பதற்கு நம் கடலே சாட்சி. வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் தன் பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றி சுமார் 250 வகைக் கற்பவளங்கள் உள்ளன. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறியபோது அவற்றில் பல வெளுத்தன.

என் தொட்டியில் நடந்தது அந்த வெளுப்பு அல்ல. வெளுத்த பவளத்தில் உயிர் இருக்கும், பாசி திரும்பினால் அது பிழைக்கலாம். என்னுடையதில் சதையே போய்விட்டது. உப்பும் கேஎச்சும் மூன்று வாரமாக மெல்ல நகர்ந்தபோது அந்தப் பவளம் தாக்குப்பிடித்திருந்தது. ஒரே மாலையில் நான் அவற்றை எதிர்ப்பக்கம் இழுத்தபோதுதான் தாங்கவில்லை.

கண்ணாடியில் ஒரு கோடு

சின்னத் தொட்டி சுலபம் என்று நினைத்துத்தான் பலர் வாங்குகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது தலைகீழ். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு போவதில்லை, உள்ளேயே தங்கிவிடும். 40 லிட்டரில் 3 லிட்டர் ஆவியானால் உப்பு 35இலிருந்து 37.8க்கு ஏறும். அதே 3 லிட்டர் 400 லிட்டர் தொட்டியில் குறைந்தால் 35.3தான். சின்னத் தொட்டியில் நம் மறதிக்கு இடமே இல்லை.

நம் ஊர் வெயிலில் இன்னொரு சிக்கல். அறை வெப்பம் 30ஐத் தாண்டும், பவளத்துக்கு 26 டிகிரியை ஒட்டி வேண்டும். சில்லர் வாங்கலாம். விலை அதிகம், அது வெளியே தள்ளும் சூடு வரவேற்பறைக்குள்தான் வரும். நான் வைத்திருப்பது தண்ணீர்ப் பரப்பின்மேல் வீசும் சின்னக் காற்றாடி. இரண்டு, மூன்று டிகிரி குறைக்கும். குறைப்பது எப்படி? தண்ணீரை ஆவியாக்கித்தான். வெப்பத்தைப் பிடித்தால் உப்பு நழுவுகிறது. என் தொட்டியில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகும்.

ஆகவே கண்ணாடியில் ஒரு கறுப்பு டேப் ஒட்டினோம். தினமும் அந்தக் கோடுவரை தண்ணீர் நிற்கவேண்டும். ஊற்றுவது உப்புத் தண்ணீர் அல்ல, நல்ல தண்ணீர். குழாய்த் தண்ணீரும் கூடாது. நமக்குக் குடிக்க அது நல்லதுதான், ஆனால் அதில் கிருமியைத் தடுக்கக் குளோரமின் சேர்க்கப்படுகிறது. குளோரினைப்போல் அது ஒரே இரவில் பறந்துவிடாது. ஆர்ஓ வடிகட்டியும் அதற்குப் பின் ஒரு பிசின் வடிகட்டியும் கடந்துவந்த நீரைத்தான் ஊற்றுகிறோம். மீன் கடைகளிலும் கேனில் கிடைக்கும்.

கேஎச் என்ற எண்

கேஎச் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், கார்பனேட் இருப்பைச் சொல்லும் எண். பவளம் வீடு கட்டுவதற்கான செங்கல் கையிருப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அமிலத்தன்மை சட்டென்று மாறாமல் தாங்கிப்பிடிப்பதும் இதுதான்.

கால்சியமும் அதே கட்டடத்துக்குத்தான் போகிறது. அப்படியிருக்க, ஏன் கேஎச்சை அடிக்கடி சோதிக்கச் சொல்கிறார்கள்? பவளம் கேஎச்சில் 1 எடுக்கும்போது கால்சியத்தில் லிட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம் எடுக்கும். 420இல் 7 போனால் சோதனையில் தெரியக்கூடத் தெரியாது. 8இல் 1 போவது எட்டில் ஒரு பங்கு. தொட்டியில் என்ன நடக்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது கேஎச்தான்.

மக்னீசியம் மூன்றாவது ஆள். அது 1,300ஐ ஒட்டி இருந்தால்தான் கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படியாமல் தண்ணீரிலேயே கரைந்திருக்கும். இது மெதுவாகவே குறையும், மாதம் ஒருமுறை சோதித்தால் போதும்.

பிஎச் எண்ணைத் துரத்தவேண்டாம். இரவில் வெளிச்சம் இல்லாததால் பாசிகள் கரியமில வாயுவை எடுப்பதில்லை. அதனால் விடியற்காலை 7.8, மாலையில் 8.3 என்று ஏறி இறங்குவது இயல்பு. குளிர்சாதனம் போட்டு மூடிய அறையில் நாலு பேர் இருந்தாலே இன்னும் இறங்கும். சன்னலைத் திறந்தால் சரியாகும். அதற்குப் பாட்டில் மருந்து ஊற்றினால் கேஎச் தாறுமாறாக ஏறிவிடும்.

அப்பாவின் கிரேன்

தீபாவளி இரவு அந்தப் பவளத்தை எடுத்து எறியப் போனேன். தொட்டியையே விற்றுவிடலாம் என்றும் தோன்றியது. “நுனியில இன்னும் கலர் இருக்கு பாரு” என்றார் அப்பா. உண்மைதான். இரண்டு நுனிகளில் சதை உரியாமல் இருந்தது. வெட்டியெடுத்து, உடனடிப் பசையால் சின்னக் கல்லில் ஒட்டினேன்.

நான் என்ன ஊற்றினேன், எவ்வளவு ஊற்றினேன் என்று விசாரித்தார். சொன்னேன். அப்பா துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிரேன் ஓட்டியவர்.

“பெட்டி கயித்துல தொங்குதுல்ல, ரெண்டு அடி தள்ளி நிக்குதுன்னு வெடுக்குன்னு இழுத்தா அந்தப் பக்கம் போய் ஆடும். அதைச் சரிபண்ண மறுபடி இழுத்தா இன்னும் ஆடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொண்டு போவணும். அவசரம்னா இன்னும் மெதுவா.”

அதே அப்பாதான் இரண்டு வாரம் கழித்து எங்களைக் கலங்கடித்தார். அவருக்கு நீரிழிவு. தீபாவளிப் பலகாரங்கள் வீட்டில் மிச்சம். மருத்துவரைப் பார்க்கும் நாள் நெருங்க, ஓர் இரவு விரலில் குத்திப் பார்த்தார், 14. பயந்துபோய் ஒரு மாத்திரைக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டையும் பாதியில் நிறுத்திவிட்டார்.

காலை 4 மணிக்கு நான் எழுந்து வந்தபோது, தொட்டிக்கு எதிரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் ஊறியிருந்தது. கை நடுங்கியது. கூப்பிட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். சோதித்தேன், 3.1. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் 4.8க்கு வந்தது. அன்று என் நிகழ்ச்சியைச் சக ஊழியர் ஒருவர் எடுத்துச் செய்தார். நான் பலதுறை மருந்தகத்தில் அப்பாவுடன் உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவர் திட்டவில்லை. “ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்து மாத்திரையை நீங்களே கூட்டக் குறைக்கக் கூடாது, ஐயா. தினமும் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு வாரத்தைச் சேர்த்துப் பார்த்து நான் மாற்றுகிறேன்” என்றார். வரும் வழியில் அப்பா ஒரு நோட்டு வாங்கினார். வீட்டுக்கு வந்து பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். இடப்பக்கம் சுகர். வலப்பக்கம், “ஒன் தொட்டி.”

இப்போது செய்வது

எங்கள் முறையைக் கணக்கோடு சொல்கிறேன். கேஎச் எண்ணை எட்டில் வைத்திருக்கிறோம். ஏழரை வைத்து நடத்துவோர் உண்டு, ஒன்பது வைப்போரும் உண்டு. எந்த எண் என்பதைவிட அது அடுத்த வாரமும் அங்கேயே இருக்கிறதா என்பதே பவளத்துக்கு முக்கியம்.

முதலில், பவளங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு தின்கின்றன என்று கண்டுபிடிக்கவேண்டும். ஒன்றும் சேர்க்காமல் திங்கள் மாலை 7 மணிக்குச் சோதித்தோம், 8.4. வியாழன் அதே நேரம் 7.5. மூன்று நாளில் 0.9, ஆக ஒரு நாளைக்கு 0.3. என் 40 லிட்டரில் கேஎச் ஒன்று ஏற 1.2 கிராம் ஆப்பசோடா வேண்டும். நான் அன்று போட்ட ஒரு தேக்கரண்டி சுமார் 5 கிராம், அதாவது நான்கு எண் உயர்வு. இப்போது புரிகிறது.

0.3 ஏற 0.36 கிராம் போதும். அதைத் தினமும் நிறுக்க முடியாது. ஆகவே 18 கிராம் ஆப்பசோடாவை ஒரு லிட்டர் ஆர்ஓ நீரில் கரைத்து வைத்திருக்கிறோம். அதில் 20 மில்லிலிட்டர், ஒரு நாள் அளவு. வாங்கும்போது ஆப்பசோடாதானா என்று பாருங்கள், பேக்கிங் பவுடரில் வேறு பொருள்களும் கலந்திருக்கும். கால்சியத்துக்குக் கால்சியம் குளோரைடு கரைசல் தனி பாட்டிலில். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் பால்போல் வெளுத்துப் படிந்துவிடும். நாங்கள் கேஎச் கரைசலைக் காலையிலும் கால்சியத்தை மாலையிலும் ஊற்றுகிறோம்.

வாரம் ஒருமுறை 4 லிட்டர் தண்ணீர் மாற்றுவோம். உப்பு வாங்கும்போது, கரைத்த நீரின் கேஎச் எட்டை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோம். பன்னிரண்டு தரும் உப்பும் உண்டு, அதைப் போட்டால் தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓர் அதிர்ச்சிதான். புது நீரின் வெப்பமும் உப்பும் தொட்டியோடு ஒத்துப்போகவேண்டும்.

சோதனையில் ஏதாவது எண் விநோதமாக வந்தால் முதலில் எதையும் ஊற்றுவதில்லை. சிரிஞ்சில் காற்றுக்குமிழ் இருந்ததா, சோதனைத் திரவம் காலாவதியாகிவிட்டதா என்று பார்த்து மறுபடி சோதிப்போம். உண்மையிலேயே இறங்கியிருந்தால் ஒரு நாளைக்கு அரை எண்ணுக்குமேல் ஏற்றுவதில்லை. இரண்டு எண் ஏற்ற நான்கு நாள் ஆகட்டும்.

புதிதாகத் தொடங்குவோர் கற்பவளத்தை முதல் நாளே வாங்கவேண்டாம். மென்பவளங்களோடு சில மாதம் பழகுங்கள். அவை கேஎச்சைப் பெரிதாகத் தின்பதில்லை, வாராந்தர நீர் மாற்றமே போதும். வாங்கும்போது கடலிலிருந்து எடுத்ததைவிட, தொட்டியில் வளர்த்துக் கிள்ளிய துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். கற்பவளங்கள் அனைத்துலக வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. அவை கடலிலேயே போதுமான சிரமத்தில் இருக்கின்றன.

அன்று ஒட்டிய இரண்டு நுனிகளில் ஒன்று செத்துவிட்டது. மற்றொன்று மூன்று மாதம் சும்மா நின்றது. பிறகு அடியில் கல்லின்மேல் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் படர்ந்தது. இப்போது ஏழு கிளைகள்.

தண்ணீர் ஊற்றுவதற்குத் தானியங்கிக் கருவி ஒன்று வாங்கலாம் என்று போன மாதம் சொன்னேன். மிதவை சிக்கிக்கொண்டால் வாளித் தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் போய்விடும் என்று எங்கோ கேட்டு வைத்திருந்தார் அப்பா. “அதுவும் தவிர, மெஷின் போட்டுட்டா எனக்கு என்ன வேலை?” என்றார். நான் அதற்குமேல் பேசவில்லை.

காலை 7 மணிச் செய்தி முடிந்து, முதல் பாடல் ஓடும்போது என் கைப்பேசி ஒருமுறை அதிரும். ஒலிவாங்கியை மூடிவிட்டு எடுத்துப் பார்ப்பேன். தினமும் ஏறக்குறைய அதே செய்திதான். இன்று காலை வந்தது இது: “தண்ணி கோட்டுக்கு வந்தாச்சு. 20 ஊத்திட்டேன். சுகர் 6.8.”